காரணம் எல்லைக்கு உள்ளேயா?

ஓர் அமைப்பிற் குறை தோன்றின் அதன் காரணத்தைப் புறத்தே தேடுதல் மக்கட்கு இயல்பு. மழை பொய்த்தது, சந்தை விழுந்தது, அயலான் கெடுத்தான் என்போம். அமைப்பியலறிஞரோ, முதற்கண் அமைப்பின் எல்லைக்குள்ளேயே தேடுக என்பர். நோயின் முதலை நாடுமாறு பணித்த வள்ளுவனார்க்கும் இஃது உடன்பாடாகலாம்.

அமெரிக்காவில், கெந்தக்கி மாநிலத்திலே, ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியாரின் வீட்டு மின்கருவித் தொழிற்சாலைகள் சில காலம் மூன்று நான்கு முறைமாற்றில் இயங்கும். சில ஆண்டு கழியப் பாதித் தொழிலாளர் வேலையிழப்பர். நாட்டின் வணிக ஏற்றத்தாழ்வே காரணமென்று சொல்லிவிடுதல் எளிதாயிருந்தது. 1956இல் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் முகாமைப் பள்ளியிற் சேர்ந்த ஜே பொறெஸ்ரர், அங்கே ஆள் சேர்க்கும் விதிகளைக் கேட்டறிந்து, சரக்கிருப்பு, ஆட்டொகை, கேள்வி என நிரலிட்டுக் கிழமைதோறுங் கையாற் கணித்தார். கேள்வி மாறாது நிற்பினும் ஆட்டொகை ஏறியிறங்கிற்று! சரக்குக் குறைந்ததென ஆளைச் சேர்ப்பர். பயன் தாழ்த்தே வரும். அதற்குள் மேலுஞ் சேர்ப்பர். பின்னர்ச் சரக்குத் தேங்க, நீக்குவர். அலைக்குக் காரணம் அவர்தம் விதிகளும் காலத்தாழ்வுமே. இவ்வாராய்ச்சி வழி வளர்ந்த அவரது நூல் 1961இல் வெளிவந்தது.

இனி, எல்லையை எங்கே இடுவது? அரிய பகுதி இதுவே. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறொன்று உவர்க்கின்றது எனக் கொள்வோம். தன் வேலியையே எல்லையாகக் கொண்டவர்க்குக் கடல் புறப்பகை, செய்யத்தக்கது ஒன்றுமில்லை. சுண்ணக்கற் படுகை முழுவதையும் உட்படுத்தினாற் காட்சி வேறாகும். மாரியில் ஊறிய நன்னீர், அடர்த்தி மிக்க உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்பின், உவரை அது ஏறத்தாழ 40 அடி கீழே அழுத்தி வைக்கும். மேலே சிறிது தாழ இறைத்தாலும் கீழே உவர் பன்மடங்கு உயர இடமுண்டு. துலா மிதித்த நாளில் ஆளின் களைப்பே இறைப்புக்கு அளவாயிருந்தது; இயந்திரத்துக்குக் களைப்பேது? கிணறு உவர்த்ததும் இன்னும் ஆழத் தோண்டுகின்றோம். அச்செயல் உவரை அண்மிக்கின்றது.

எல்லாவற்றையும் உள்ளே அடக்குதலுந் தகாது. நாம் இறைப்பதால் மாரி குறைவதில்லை; ஆதலின் மாரி புறத்தது. நாம் இறைப்பதால் அயலவர் கிணறு தாழ்கின்றது; தாழ்ந்ததும் அவர் ஆழப்படுத்தி மிகுதியாய் இறைக்க, நம் கிணறுந் தாழ்கின்றது. ஆதலின் அயலவர் வேலிக்கு அப்பால் இருப்பினும் எல்லைக்கு உள்ளேயே இருக்கின்றார்.