இரவல் திரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வீடியோ விளையாட்டுக்கு முதலில் வழங்கிய பெயர் ‘டிவி கேம்’. அதை ஆட முதலில் ஒரு டிவி வேண்டும். அது யார் வீட்டிலாவது இருக்க வேண்டும். அந்த வீட்டார் வாசலைத் தாண்டி உள்ளே விட வேண்டும். மானாவாரிப் பயிரையும் கண்மாய்த் தண்ணீரையும் ஆட்டையும் நம்பி வாழும் வீரசோழன் போன்ற ஊர்களில், 1990-களில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொந்தத் திரை என்று ஒன்று இருந்ததில்லை. பக்கத்து வீட்டுத் திரை, கடைத் திரை, அரசு கொடுத்த திரை, அப்பாவின் போன் திரை என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. திரை மாறியபோதெல்லாம் விளையாட்டும் மாறியது. 1994-ஐ ஒட்டிப் பிறந்த ஒரு பிள்ளையின் வயதோடு சேர்த்துப் பார்த்தால் இந்த வரலாறு தெளிவாக விளங்கும்.

அந்தப் பிள்ளையின் கைக்கு முதலில் வந்தது பெரும்பாலும் ‘பிரிக் கேம்’. திருவிழாக் கடையிலும் சந்தையிலும் விற்ற, உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பெட்டி அது. அகலத்தில் 10, உயரத்தில் 20 கட்டங்கள் கொண்ட சாம்பல் நிறத் திரை. மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி வரிசை சேர்த்தால் அந்த வரிசை மறையும். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் உருவாக்கிய டெட்ரிஸ்தான் இப்படிச் சீனத்துப் பெட்டிக்குள் புகுந்து, பெயரில்லாமல் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பேட்டரி செல்லில் ஓடும். செல் இறங்கிவிட்டால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார்கள்; சூட்டில் செல்லுக்குள் வேதிவினை சற்று வேகமெடுப்பதால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அந்த ஊர்களில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

டிவி கேம் இதைவிடப் பெரிய வரவு. ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ‘பேமிலி கம்ப்யூட்டர்’ என்ற கருவியை வெளியிட்டது. இந்தியச் சிற்றூர்களுக்கு வந்தவை அதன் நகல்கள். தைவானிலும் சீனாவிலும் அந்தக் கருவியின் பல சில்லுகளை ஒரே சில்லாகச் சுருக்கி, கருப்புப் பசையால் மூடி, மலிவாகச் செய்து அனுப்பினார்கள். சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களில் இறங்கி, மதுரைக் கடைகள் வழியாக அருப்புக்கோட்டைக்கு வந்தன. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஊர்களில் வேறொரு வழியும் உண்டு. விடுமுறைக்கு வரும் அத்தாவின், அதாவது அப்பாவின், பெட்டியில், தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவில் டிவி கேமும் இருக்கும். அது வந்திறங்கிய சேதி சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும்.

விளையாட்டு அடங்கிய மஞ்சள், சிவப்புப் பிளாஸ்டிக் துண்டைப் பிள்ளைகள் ‘கேசட்’ என்றார்கள். அதற்குள் நாடா எதுவும் கிடையாது. நினைவகச் சில்லு பதித்த சின்னப் பலகைதான் இருக்கும். பலகையின் விளிம்பில் இருக்கும் 60 உலோகக் கீற்றுகள் கருவியின் பள்ளத்தில் பொருந்தினால்தான் படம் வரும். கரிசல் மண்ணின் புழுதி கீற்றில் படிந்துவிட்டால் திரையில் வெறும் கோடும் கட்டமும் ஓடும். உடனே கேசட்டைப் பிடுங்கி, வாயருகே வைத்து, புல்லாங்குழல் ஊதுவதுபோல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஊதிவிட்டுச் செருகுவார்கள். பெரும்பாலும் வேலை செய்யும். உண்மையில் பலன் தந்தது ஊதியதல்ல, கழற்றி மாட்டியதுதான். மூச்சின் ஈரம் நாளடைவில் உலோகத்தை அரிக்கவே செய்யும்.

‘9999 இன் 1’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். பட்டியலை இறக்கிக்கொண்டே போனால் முதல் சில பத்து விளையாட்டுகளுக்குப் பிறகு அதே மாரியோ வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். ஆனாலும் அந்தச் சில பத்தே ஓர் இளம்பருவத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஷிகெரு மியமோடோவும் தகாஷி டெசுகாவும் வடிவமைத்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985-இல் வந்தது. எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம் என மொத்தம் 32 கட்டங்கள். அத்தனையும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கும். இன்று வாட்ஸ்ஆப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றே பெரும்பாலும் அதைவிடப் பெரியது. இடத்தைச் சிக்கனம் பிடிக்க என்ன செய்தார்கள் என்பதைத் திரையிலேயே காணலாம்: வானத்தில் வெள்ளையாக மிதக்கும் மேகமும் தரையில் பச்சையாக நிற்கும் புதரும் ஒரே உருவம், நிறம் மட்டும்தான் வேறு. ஆயிரம் முறை ஆடிய பிள்ளைகளிலும் இதைக் கவனித்தவர்கள் குறைவு.

அந்த விளையாட்டுகள் கூட்டமாக உட்கார்ந்து ஆடுவதற்கென்றே செய்தவைபோல் அமைந்திருந்தன. மாரியோவில் ஒருவன் செத்தால் அடுத்தவன் முறை. ஆகவே பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள், ஆடுகிறவன் தப்புச் செய்வதற்காகக் காத்திருப்பார்கள். “குதி, குதி” என்று கத்தி வழியும் சொல்வார்கள். நாம்கோ நிறுவனத்தின் ‘பேட்டில் சிட்டி’, ஊர் வழக்கில் ‘டேங்க் கேம்’, இரண்டு பேரும் சேர்ந்து கீழே செங்கல்லுக்குள் இருக்கும் கழுகைக் காக்கும் விளையாட்டு. கட்டத்துக்கு 20 எதிரி டாங்கிகள். கூட்டாளியின் குண்டு தவறிப் பட்டால் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்க வேண்டியதுதான். நிஜச் சண்டைகள் பாதி அங்கேதான் தொடங்கும். ‘கான்ட்ரா’வின் அருவிக் கட்டத்தில் இருவரும் மேலே ஏற வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு முந்தினால் திரையும் அவனோடு மேலே நகரும். கீழே நிற்பவன் திரையின் அடி விளிம்பில் விழுந்து சாவான். கூட வருகிறவனைத் திரும்பிப் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பது அந்த அருவியில் விளங்கிவிடும்.

டிவி கேமின் இரண்டு ரிமோட்டுகளிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. ஜப்பானின் அசல் கருவியில் இரண்டாவது ரிமோட்டுக்கு ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் கிடையாது. நகல்கள் பலவற்றிலும் அப்படியே. எந்த விளையாட்டு, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் முதல் ரிமோட்டின் அதிகாரம். டிவி வீட்டுக்காரப் பையன் அதை விடமாட்டான். அவனுடைய அக்காவோ தங்கையோ பெரும்பாலும் இரண்டாவது ரிமோட்டோடு நின்றாள். ஆனாலும் பெண் பிள்ளைகள் கையில் விளையாட்டு தாராளமாக இருந்த காலம் அதுதான். திரை வீட்டுக்குள் இருந்த வரையில் அவர்களும் ஆடினார்கள். அது பிரவுசிங் சென்டர் போன்ற கடைக்குப் போனதும் அவர்கள் முறை பறிபோனது. இந்த வரலாற்றின் பெரிய இழப்பு அது.

டிவி கேமில் வாத்து சுடும் துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். துப்பாக்கியிலிருந்து ஒளி எதுவும் கிளம்பாது. அதன் குழலுக்குள் இருப்பது ஒளியை உணரும் கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கண நேரம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால் வாத்து விழும். குறிபார்க்கத் தெரியாத பிள்ளைகள் டியூப் லைட்டை நோக்கிச் சுட்டு ஏமாற்றப் பார்ப்பார்கள். அந்தச் சூழ்ச்சியைத் தடுக்கத்தான் முதலில் திரையைக் கறுப்பாக்கும் ஏற்பாடு. படக்குழாய் டிவியின் உடனுக்குடன் ஒளிரும் தன்மையை நம்பியே இது இயங்கியது. தட்டையான டிவிகள் வந்த பிறகு அந்தத் துப்பாக்கிகள் பயனற்றுப் போயின.

நம் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது, 2006 செப்டம்பர் 15-இல், தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அந்தத் திட்டத்தைப் பற்றி அரசியலாகவும் பொருளாதாரமாகவும் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. விளையாட்டின் பக்கமிருந்து பார்த்தால், அடுத்த வீட்டு வாசலில் தயங்கி நின்ற பிள்ளைகளின் வீட்டுக்கும் அது திரையைக் கொண்டுவந்தது. மலிவு டிவி கேம் ஒன்று வாங்கினால் போதும் என்ற நிலை வந்தது.

மின்சாரம்தான் கைகொடுக்கவில்லை. அந்தக் கேசட்டுகளில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. ஏழாம் உலகம் வரை போன மாரியோ, கரண்ட் போனால் திரும்பவும் முதல் உலகத்து முதல் கட்டத்தில் மூன்று உயிரோடு நிற்பான். 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளில் பாதி நேரம் மின்வெட்டு. சரியாக அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தது அடுத்த திரை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் வந்த அந்தக் கருவிக்கு உள்ளேயே பேட்டரி இருந்தது. ஊர் முழுக்க இருட்டில் கிடந்தபோது, திண்ணையில் ஒரு மடிக்கணினியைச் சுற்றி ஐந்து முகங்கள் நீல வெளிச்சத்தில் தெரிந்தது இப்படித்தான்.

அதில் ஓடியது முக்கியமாக ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’. 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கும் 2003-இல் கணினிக்கும் வெளியான இந்த விளையாட்டுக்கு 128 மெகாபைட் ராம் போதும். வட்டில் சுமார் 915 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒரு ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும் என்பதுதான் இதன் பொருள். அதற்கு முன்பே அருப்புக்கோட்டை போன்ற நகரங்களின் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் பிள்ளைகள் இதைப் பழகியிருந்தார்கள். டாங்கி வரவழைக்கும் ‘பான்சர்’, உயிரை நிரப்பும் ‘ஆஸ்பிரின்’, போலீஸை விலக்கும் ‘லீவ் மீ அலோன்’ முதலான ரகசியச் சொற்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் பலர் எழுத்துக்கூட்டிப் பிழையில்லாமல் எழுதிய முதல் ஆங்கிலச் சொற்களில் இவையும் சேரும். ஸ்டார்ட், செலக்ட், ஸ்டேஜ், லைஃப், கேம் ஓவர் ஆகியவற்றை அதற்கு முன்பே டிவி கேம் கற்றுக்கொடுத்திருந்தது. ஆட்களைச் சுடுவதும் வண்டி பறிப்பதும் நிறைந்த அந்த விளையாட்டு பெரியவர்களுக்கென்று செய்யப்பட்டது. அதைத் தடுக்கும் அளவுக்கு விவரம் தெரிந்த பெரியவர்கள் அப்போது ஊரில் அதிகம் இல்லை.

இதற்கிடையில் நோக்கியா போனில் பாம்பு நெளிந்துகொண்டிருந்தது. டனேலி அர்மன்டோ 1997-இல் நோக்கியா 6110-க்காக எழுதிய ‘ஸ்னேக்’கின் அடுத்த வடிவம், 2003-இல் வந்த டார்ச் வைத்த நோக்கியா 1100 வழியாக ஊருக்குள் வந்தது. தூசி புகாத விசைப்பலகை, தோட்டத்துக்குப் போகும்போது வழிகாட்டும் விளக்கு என்று பெரியவர்களுக்காக வாங்கிய போன். சார்ஜ் தீரும் வரையில் பிள்ளைகளுக்கு அதில் பாம்புதான் பெரிது.

2016 செப்டம்பரில் இந்த வட்டாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. பக்கத்துக் கமுதியில், மின்வெட்டில் வாடிய அதே வறட்சிக் காட்டில், 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே மாதம் 5-ஆம் தேதி ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்தது. 2018-இல் பப்ஜி மொபைல் வந்தது: தீவு ஒன்றில் 100 பேர் இறங்கி, கடைசியில் மிஞ்சுபவர் ஜெயிப்பது. ஓர் ஆட்டம் அரை மணி நேரம் போகும். நல்ல போன் வேண்டும். 2017-இல் வந்திருந்த ‘ஃப்ரீ ஃபயர்’ 50 பேர், பத்து நிமிடம் என்று சுருங்கி, மலிவு போனிலும் ஓடியது. சிற்றூர்ப் பிள்ளைகள் அதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் சுவையல்ல, போனின் ராம்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடத்துக்கென்று கடன் வாங்கிப் போன் வாங்கிய வீடுகள் ஏராளம். பாடம் அரை மணி நேரம், மீதி நேரம் விளையாட்டு. 1994-இல் பிறந்தவர் அதற்குள் 26 வயதுக்காரர். போனோடு தனியே உட்கார்ந்தவர்கள் அவருடைய தம்பி தங்கைகளும் அண்ணன் பிள்ளைகளும். 2020 செப்டம்பர் 2-இல் பப்ஜி உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. 2021-இல் பப்ஜி, பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் தடை வந்தது. கவலைப்பட வேண்டியது வேறொன்றும் உண்டு. துப்பாக்கிக்கு நிறம் மாற்றவும் உடை வாங்கவும் இந்த விளையாட்டுகள் காசு கேட்கும். கேட்கும் இடம் அப்பாவின் வங்கிக் கணக்கு இணைந்த போன்.

காசு வைத்து ஆடும் ரம்மி போன்றவை முற்றிலும் வேறு இனம். இவற்றையும் வீடியோ விளையாட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ரம்மியில் பணம் இழந்து பலர் உயிரை மாய்த்துக்கொண்ட பின்னணியில், நீதியரசர் கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு, தமிழக அரசு 2022-இல் சட்டம் கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் தளங்கள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை மூடியிருக்க வேண்டும் என்ற 2025-ஆம் ஆண்டு விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூனில் உறுதி செய்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பண விளையாட்டையே தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது.

இத்தனை ஆண்டுகளில் திரைக்குள் தமிழ் ஏறக்குறைய இல்லை. 2023 ஜூலை 31-இல் வெளியான ‘வெண்பா’ ஒரு நல்ல விதிவிலக்கு. டொரன்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தாயின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லித் தட்டை எந்த முறையில் அடுக்குவது என்று ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. இட்லிப் பானையைத் தினமும் பார்க்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிராகவே இராது. அவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததுமில்லை என்பதுதான் வருத்தம்.

டிவி கேம்கள் இன்றும் விற்கின்றன. ஆனால் 1994-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் பழைய மாரியோவை இப்போது போனில் எமுலேட்டர் போட்டு ஆடுகிறார்கள். கேசட் இல்லை, ஊத வேண்டியதில்லை, நினைத்த இடத்தில் சேமிக்கலாம், கரண்ட் போனாலும் மாரியோ சாக மாட்டான். டேங்க் கேமும் அதில் கிடைக்கும். பட்டியலில் ஒருவர், இருவர் என்ற இரண்டு வரிகளும் அப்படியே இருக்கின்றன. தொடுதிரையில் பொத்தான்கள் ஒரு ஜோடிக் கட்டைவிரலுக்கு மட்டும்தான். இரண்டாவது ஆள் உட்கார இடமில்லை.