உப்பளத்தில் சக்கரம் சொல்லும் பொய்

சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23 அன்று. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அதனால் அந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, அதிலிருந்து இறங்கி நிலவில் உருண்ட பிரக்யான் ஏறக்குறைய சொந்தக்கார வண்டி. வீட்டில் கிடக்கும் பழைய சாதனங்களைக் கொண்டு அப்படியொன்று செய்து, அதே மாவட்டத்து மரக்காணம் உப்பளத்தில் ஓட்ட முடியுமா? முடியும். ஆனால் பழைய ஃபோனும் பொம்மை காரும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் ‘ஏஐ ரோபோ’ தயார் என்று அடித்துச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம்.

ஃபோனை மூளையாக்குவது நல்ல யோசனைதான். இன்டெல் ஆய்வகத்தின் மத்தியாஸ் முல்லரும் விளாட்லன் கோல்டுனும் 2020இல் வெளியிட்ட ‘ஓப்பன்பாட்’ அப்படிப்பட்டது. சிறு மோட்டார்கள், அவற்றை இயக்க ஒரு ஆர்டுயினோ மின்சுற்றுப் பலகை, மேலே ஆண்ட்ராய்டு ஃபோன். ஃபோன் நீங்கலாகச் செலவு சுமார் 50 டாலர். ஆளைப் பின்தொடரும், கட்டடத்துக்குள் தானே ஓடும். ஆனால் அங்கே தரை கெட்டியானது. உப்பளத்தில் வரப்பு களிமண். பாத்தியில் உப்புக்கு அடியில் சேறு. சக்கரம் பத்துச் சுற்று சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சுற்றுகளை எண்ணித் தூரம் கணக்கிடும் ரோபோ, தான் வெகுதூரம் போய்விட்டதாக நம்பும். ஃபோனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். வரப்பை விட்டுப் பாத்திக்குள் விழ அந்தத் தவறு போதும்.

விடை, தூக்கிப் போட்ட கணினி மவுஸின் வயிற்றில் இருக்கிறது.

மவுஸின் அடியில் எரியும் சிவப்பு எல்இடியின் ஒளி தரையில் சாய்வாக விழுகிறது. எவ்வளவு வழவழப்பான மேசையிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றின் நிழல் விழும். அந்த நிழல்களை ஒரு குட்டிக் கேமரா படமெடுக்கிறது. பரவலாகப் புழங்கிய ஒரு மின்னணுச் சில்லில் அந்தப் படத்துக்கு 18-க்கு 18, அதாவது 324 புள்ளிகள்தான். ஆனால் நொடிக்கு 1,500 படங்கள்! ஒவ்வொரு படத்தையும் முந்தைய படத்தின் மேல் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்கிறது சில்லு. எவ்வளவு நகர்த்தினால் கச்சிதமாகப் பொருந்துகிறதோ, அதுவே போன தூரம். சக்கரத்தின் பேச்சை அது கேட்பதே இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடி மூடித் திறப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கம்பிக்கு நேரே இருந்த உப்புக் குவியல் இரண்டாம் கம்பிக்கு வந்திருந்தால், பேருந்து நகர்ந்திருக்கிறது. குவியல்கள் எல்லாம் ஒரே உருவம், ஒரே இடைவெளி என்றால்? தாண்டியது ஒன்றா மூன்றா என்று தெரியாது. வேகம் மிஞ்சினால், கண் திறக்கும்போது பழைய குவியல் எதுவும் ஜன்னலில் இராது. பனி மூடினால் பேருந்து நிற்பதாகவே தோன்றும். பக்கத்துக் குவியல் விரைந்து நகரும், தூரத்துக் குவியல் மெல்ல நகரும். ஆகவே குவியல் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். இத்தனை சங்கடமும் மவுஸுக்கு உண்டு. அதனால்தான் அதன் வில்லை மேசையிலிருந்து சுமார் இரண்டரை மில்லிமீட்டரில் பொருத்தப்படுகிறது. தரையிலிருந்து உயரே நிற்கும் ரோபோவுக்கு வேறு வில்லை மாட்டி, உயரம் மாறாமல் காக்க வேண்டும்.

1980இல் ஜெராக்ஸின் ரிச்சர்ட் லயனும் எம்ஐடியின் ஸ்டீவ் கிர்ஷும் தனித்தனியே ஒளி மவுஸ் செய்தார்கள். இரண்டுக்கும் தனியாக அச்சிட்ட அட்டை வேண்டியிருந்தது. சாதாரண மேசையில் ஓடுவதற்கான சில்லு 1999இல் அஜிலென்ட்டிடமிருந்து வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

சந்திரயான்-3இன் விக்ரம் இறங்குகலத்தில் இருந்த கிடைமட்ட வேகக் கேமராவும், நிலவின் தரை நகர்வதைப் பார்த்தே பக்கவாட்டு வேகத்தை அறிந்தது. செவ்வாயில் பறந்த இன்ஜெனூயிட்டி ஹெலிகாப்டரில் இருந்தது ஃபோன்களுக்காகச் செய்யப்பட்ட ஸ்னாப்டிராகன் 801 சில்லு. தரைப் படங்களை வைத்தே அது வழி கண்டது. 2024 ஜனவரி 18 அன்று, 72ஆவது பறப்பில், அடையாளமே இல்லாத மணல் அலைகளின் மேல் அதன் வேகக் கணக்கு தவறியது; மோதி இறங்கியதில் இறக்கைகள் உடைந்தன.

மரக்காணத்தில் அந்த மணலுக்கு ஈடு, நீர் தேங்கிய பாத்தி. அங்கே கேமராவுக்குத் தெரிவது வானம். காய்ந்த உப்போ வெயிலில் கண்ணைப் பறிக்கும். உப்பு வாரும் பலகை பிடிப்பவரின் வேலையை நாளையே ரோபோ செய்யும் என்று யாரேனும் சொன்னால், தான் நிற்கும் இடம் அதற்கு எப்படித் தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும்.

வீட்டு ரோபோவுக்கு ஏற்ற இடம் காய்ந்த வரப்பு. வெடிப்பும் காலடித் தடமும் அங்கே போதுமான அடையாளம். உப்புக் காற்று செம்பை அரிக்கும் என்பதால் மின்சுற்றுப் பலகையை மூடிய டப்பாவில் வைத்து, கம்பி முனைகளைப் பூச்சு பூசி அடைக்க வேண்டும். பிறகு சக்கரக் கணக்கையும் மவுஸ் கணக்கையும் ஒருசேரப் பதிவு செய்யலாம். இரண்டும் எங்கே விலகுகின்றனவோ அங்கே சக்கரம் வழுக்குகிறது, பெரும்பாலும் மண் இளகியிருக்கிறது. ரோபோ வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் அது.