தூரிகையும் கணக்கேடும்

1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், இந்தியாவின் முதல் சுரங்க ரயில் கல்கத்தாவில் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அன்று பவானிபூர் என்று பெயர் பெற்றிருந்த அந்நிலையம் இன்று நேதாஜி பவன் என வழங்கப்படுகிறது. நிலையத்தை விட்டு மேலேறி வரும் பயணி, பழைய மாடி வீடுகளும் இனிப்புக் கடைகளும் நெருங்கி நிற்கும் தெருக்களைக் காண்பார். அத்தெருக்களுள் ஒன்றான பகுல் பகானில், தாய்மாமன் வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவன், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற திரைப்பட இயக்குநரானார். சத்யஜித் ராய் என்ற அவர், திரைப்படத்திற்கு வருமுன் ஒரு வடிவமைப்புக் கலைஞராகவே வாழ்ந்தார் என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி.

இன்று நம் நகரங்களில் எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறாமல், புத்தக அட்டை, விளம்பரம், துணி, பொம்மை, கணினித் திரை எனப் பலவற்றுக்கும் வடிவம் தந்து பிழைக்கும் இளைஞர் பலர் உள்ளனர். ‘ஃப்ரீலான்சர்’ என வழக்கில் சொல்லப்படும் இவர்களைத் தனித்தொழில் வடிவமைப்பாளர் எனலாம். இவர்களது தொழிலில் கற்பனைக்கு எவ்வளவு இடமுண்டோ, அவ்வளவு இடம் கணக்குக்கும் உண்டு. இரண்டாவதைக் கவனியாதவர் முதலாவதையும் நெடுநாள் காப்பாற்ற இயலாது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் இளைஞரின் தொடக்கம்

ராயின் குடும்பத்திற்கு அச்சுத்தொழில் பரம்பரைச் சொத்து. பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி, தாம் எழுதிய நூலின் படங்கள் சரிவர அச்சாகாததைக் கண்டு, படங்களைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறையைத் தாமே பயின்று, 1895இல் சொந்த நிறுவனம் தொடங்கியவர். 1913இல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழையும் நிறுவினார். தந்தை சுகுமார் ராய் இங்கிலாந்து சென்று அச்சுக்கலை கற்றுத் திரும்பியவர். எனினும் சுகுமார் 1923இல் இளவயதிலேயே மறைந்தார். பின்னர் நிறுவனமும் நொடித்துப் போகவே, தாயும் மகனும் பவானிபூரில் அடைக்கலம் புகுந்தனர். தாயார் தையற்கலை கற்பித்துப் பொருளீட்டினார். கைத்திறன் ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்பதனை ராய் அறிந்தது ஏட்டுக் கல்வியினால் அன்று.

1940இல் சாந்திநிகேதன் சென்று நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் பயின்ற ராய், படிப்பை முழுமையாக முடிக்காமலே திரும்பினார். 1943இல் டி. ஜே. கெய்மர் என்ற ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார்.

மாலை நேரப் பணி

விளம்பரத்தில் வாடிக்கையாளரின் விருப்பமே விதி. அதே நிறுவனத்தில் பணியாற்றிய டி. கே. குப்தா, சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, அட்டைகளை வடிவமைக்கும் பொறுப்பை முழு உரிமையுடன் ராயிடம் ஒப்படைத்தார். பகலில் சம்பளம், மாலையில் சுதந்திரம் என்ற இந்த ஏற்பாடே வங்க நூல்களின் தோற்றத்தை மாற்றியது.

ஓர் எடுத்துக்காட்டு. ஜிம் கார்பெட்டின் குமாயூன் புலிகளைப் பற்றிய நூலுக்கு அட்டை வேண்டும். வேட்டைக்காரரையோ பாயும் புலியையோ வரைவது எளிய வழி. ராயோ அட்டை முழுவதையும் புலித்தோலாக்கினார். முன்னட்டையில் குண்டு நுழைந்த துளை, பின்னட்டையில் அது வெளியேறிய துளை. நூலைக் கையில் எடுப்பவர், கதையை ஒரு பக்கம்கூடப் படிக்காமலே, அதன் உட்பொருளைத் தொட்டுவிடுகிறார். அழகு சேர்ப்பது மட்டுமன்று, பொருளைச் சுருக்கிச் சொல்வதே வடிவமைப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

1946இல் சிக்னெட் வெளியிட்ட நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ நூலின் அட்டையும் ராயினுடையதே. ‘எக்ஷண்’ என்ற இலக்கிய இதழுக்கு அவர் வரைந்த அட்டைகளில், இதழின் பெயரிலுள்ள மூன்றே எழுத்துகள் இதழுக்கு இதழ் புது உருவெடுத்தன. பிற்காலத்தில் ஆங்கில எழுத்துருக்களையும் அமைத்தார். அவற்றுள் ‘ராய் ரோமன்’, ‘ராய் பிஸார்’ இரண்டும் 1971இல் சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்றன.

‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் அதனைத் திரைப்படமாக்கும் எண்ணம் அவருள் வேரூன்றியது. 1952இல் படப்பிடிப்பைத் தொடங்கிய அவர் வேலையை விடவில்லை. விடுமுறை நாட்களில் படமெடுத்தார். ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கினார்; மனைவியின் நகைகளும் அடகுக்குச் சென்றன. இறுதியில் மேற்கு வங்க அரசு பண உதவி செய்ய, 1955இல் படம் வெளிவந்தது. அதன் பின்னரே அவர் விளம்பரத் தொழிலிலிருந்து விடைபெற்றார்.

தமிழகத்திலும் இதற்கு ஒப்பான வாழ்வு உண்டு. ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் பணிபுரிந்துகொண்டே தமிழ் இதழ்களின் தலைப்பெழுத்துகளுக்கும் நூலட்டைகளுக்கும் புதுத் தோற்றம் தந்தார். நிலையான ஊதியம் ஒன்று பின்னணியில் இருந்தமையால், இவ்விருவரும் தம் மனத்துக்குப் பிடித்த பணியில் விட்டுக்கொடுக்காமல் இருக்க முடிந்தது. இன்றைய தனித்தொழில் இளைஞருக்கு அப்பின்னணி இல்லை. அதன் இடத்தை நிரப்ப வேண்டியவை சரியான விலையும், எழுத்து மூலமான ஒப்பந்தமும், சட்டத்தின் துணையுமே ஆகும்.

ஒரு நாளின் கணக்கு

இத்தகைய இளைஞரின் நாள் வரைபலகையின் முன் மட்டுமே கழிவதில்லை. வாடிக்கையாளருக்கு மதிப்பீடு அனுப்புதல், அச்சகம் சென்று வண்ணம் பார்த்தல், “ஒரு சிறு மாற்றம் மட்டும்” என வரும் வேண்டுகோள்களை நிறைவேற்றுதல், வர வேண்டிய பணத்தை நினைவூட்டுதல் என நாளின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஆகவே விலையை நிர்ணயிக்கும்போது இந்நேரத்தையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

மாதச் செலவு 24,000 ரூபாய் என்றும், வேலை நாட்கள் 24 என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளின் விலை 1,000 ரூபாய் என்று பலரும் கணக்கிடுகின்றனர். ஆனால் அந்த 24 நாட்களில் கட்டணம் பெறத்தக்க பணி நடப்பது 12 நாட்களே என்றால், உண்மையான விலை 2,000 ரூபாய். நோயுற்ற நாட்கள், பழுதாகும் கணினி, முதுமைக்கான சேமிப்பு ஆகியவை இதற்கு மேலும் சேர வேண்டியவை. சம்பளக்காரருக்கு நிறுவனம் தரும் விடுப்பையும் வருங்கால வைப்பு நிதியையும் தனித்தொழிலாளர் தம் விலைக்குள்ளேயே அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பணி தொடங்குமுன் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்வது நன்று: பணி யாது, எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு, மீதி எந்நாளில், முடிந்த வடிவத்தை எங்கே எவ்வளவு காலம் பயன்படுத்தலாம். ஒரு பக்க மின்னஞ்சலும் இதற்குப் போதும்.

உரிமை யாருக்கு?

கடைசியாகச் சொன்ன செய்தியிலேயே இளைஞர் பலர் ஏமாறுகின்றனர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இருந்து செய்த பணியின் உரிமை, மாற்று உடன்பாடு இல்லாவிடில், பணியமர்த்தியவரைச் சேரும். தனித்தொழில் புரிவோர் ஆக்கிய வடிவத்திற்குப் பொதுவாக ஆக்கியவரே முதல் உரிமையாளர். ஆயினும் விலை பெற்றுப் பிறர் வேண்டுகோளின்படி எடுத்த புகைப்படம், தீட்டிய ஓவியம், உருவப்படம் முதலியவற்றில், வேறு உடன்பாடு இல்லையெனில், பணி தந்தவரே முதல் உரிமையாளர் ஆவார். ஆகவே உடன்பாட்டை எழுதிக்கொள்வது இன்றியமையாதது.

உரிமையை மாற்றிக் கொடுப்பதும் எழுத்து மூலமாகவே செல்லும். காலம் குறிப்பிடப்படாவிடில் அம்மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. இடம் குறிப்பிடப்படாவிடில் இந்தியாவுக்கு மட்டுமே. உரிமையை விற்ற பின்னரும், “இது என் ஆக்கம்” என்று கோரும் உரிமை கலைஞரை விட்டு அகலாது.

துணி, விளக்கு, பாத்திரம் போன்ற தொழிற்பொருள்களுக்கான வடிவம் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. அது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். இதன்படி பதிவு செய்யும் பணி கொல்கத்தாவிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் நடைபெறுகிறது. பதிவு பத்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்பளிக்கும். மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். வடிவத்தை வெளியிடுமுன் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதிவு செய்யாமல், தொழில் முறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட படிகள் ஆக்கிவிட்டால், அதன்மீதான பதிப்புரிமையும் நீங்கிவிடும். புடவைக்கோ சுடுமண் பொருளுக்கோ புதுக்கோலம் வகுக்கும் இளைஞர் இவ்விதியை அறியாமல் இழப்பது சிறிதன்று.

உரிய காலத்தில் ஊதியம்

தாமதமாக வரும் பணம், வராத பணத்துக்கு அடுத்தபடியான துன்பம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு ஒரு மருந்தை வைத்துள்ளது. குறு, சிறு நிறுவனங்களிடம் சேவை பெற்றவர், உடன்பாட்டில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். வழக்கை மாநிலத்தின் வசதியளிப்பு மன்றத்தில் எழுப்பலாம்.

தனி ஒருவராகத் தொழில் புரியும் வடிவமைப்பாளரும் குறுந்தொழில் முனைவோராகப் பதிவு செய்துகொள்ளலாம். 2020 ஜூலை முதல் ‘உத்யம்’ என்ற பெயரில் இப்பதிவு கட்டணமின்றி இணைய வழியே நடைபெறுகிறது. பணியை ஏற்குமுன்பே பதிவு செய்துகொள்வது அறிவுடைமை; பின்னர் எழும் பூசலில் அது துணை நிற்கும்.

பூஜைக் காலம்

பவானிபூரில் வாழும் வடிவமைப்பாளருக்கு ஆண்டின் கணக்கு துர்க்கா பூஜையைச் சுற்றியே சுழல்கிறது. ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு அதற்கேற்பப் பந்தலும் சிலையும் விளக்கும் அமைப்பது கொல்கத்தாவின் இன்றைய வழக்கம். பகுல் பகான் பூஜையோ புகழ்பெற்ற ஓவியர்களைக் கொண்டு தேவியின் உருவை அமைப்பதற்குப் பெயர் பெற்றது. கொல்கத்தாவின் துர்க்கா பூஜையை 2021இல் யுனெஸ்கோ, மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாநிலச் சுற்றுலாத் துறைக்காக பிரிட்டிஷ் கவுன்சில் முன்னின்று நடத்திய ஆய்வு, 2019 பூஜையைச் சார்ந்த படைப்புத் தொழில்களின் மதிப்பை 32,377 கோடி ரூபாய் எனக் கணித்தது.

இப்பெருந்தொகையில் இளைஞரின் பங்கு சில மாதங்களில் வந்து சில மாதங்களில் வற்றிவிடும். ஆற்றில் வெள்ளம் வரும்போதே ஏரியை நிரப்பிக்கொள்ளும் உழவரின் முறையே இங்கும் பொருந்தும். பூஜைக்கால வருவாயின் ஒரு பகுதியை ஒதுக்கிவைப்பவரே, பணி குறைந்த மாதங்களில் சொந்தமான ஓவியத்துக்கும் புதுமுயற்சிக்கும் நேரம் காண்பார்.

சிவப்பு ஏடு

நம் சித்திரைத் திருநாளையொட்டி வருகிறது வங்கப் புத்தாண்டு. அன்று வங்காளத்து வணிகர் புதுக்கணக்கு எழுதுவர். அதற்கெனச் சிவப்புத் துணியால் கட்டிய ஏடு ஒன்று உண்டு. ‘கேரோர் காத்தா’ என்பது அதன் பெயர். சத்யஜித் ராய் தம் திரைக்கதைகளையும் உடைகளின் படங்களையும் காட்சிக் குறிப்புகளையும் இசைக் குறிப்புகளையும் இவ்வகை ஏடுகளிலேயே எழுதி வைத்தார். வணிகர் வரவு செலவு எழுதும் ஏட்டில் கலைஞர் கனவுகளை எழுதினார்.

இன்றைய இளம் வடிவமைப்பாளருக்கும் அத்தகைய ஏடு ஒன்று வேண்டும். அதன் ஒரு பாதியில் கோடுகளும் வண்ணங்களும் நிறையட்டும். மறுபாதியில் ஒப்பந்தத் தேதியும், வர வேண்டிய தொகையும், விற்காமல் வைத்துக்கொண்ட உரிமையும் தவறாமல் பதிவாகட்டும். அரசு தன் பங்குக்குச் சட்டத்தை வகுத்துள்ளது. கலைக் கல்லூரிகள் தூரிகை பிடிக்கக் கற்பிப்பதோடு இச்சட்டங்களையும் கற்பித்தால், திறமையுள்ள இளைஞர் பலர் தொழிலை விட்டு விலகும் நிலை குறையும்.