பிறப்பும் பணியும்: ‘டிங்கர் பெல்’ (2008) அசைவூட்டத் திரைப்படத்தில் தேவதையின் தொழிலடையாளம்

ஆய்வுச்சுருக்கம்

டிஸ்னிடூன் ஸ்டுடியோஸ் உருவாக்கி 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டிங்கர் பெல்’ என்னும் குழந்தைகளுக்கான அசைவூட்டத் திரைப்படம், ஜே.எம். பேரி படைத்த ஒரு துணைக் கதைமாந்தரை முதன்மை மாந்தராக்குகிறது. பேரியின் படைப்பில் பெயர்க்காரணமாக மட்டுமே நின்ற ‘பாத்திரம் பழுதுபார்க்கும் தொழில்’ இத்திரைப்படத்தில் கதையின் அச்சாக மாறுகிறது. பிறந்தவுடன் விதிக்கப்படும் பணியை ஒரு தேவதை மறுப்பதும் பின்னர் ஏற்பதும் எத்தகைய பொருளைத் தருகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டத் திரைப்படம், குழந்தை இலக்கியம், தேவதை, தொழில், தழுவல்.

முன்னுரை

‘பீட்டர் பான்’ நாடகம் 1904 டிசம்பர் 27 அன்று இலண்டன் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அதில் டிங்கர் பெல் என்னும் தேவதைக்கு நடிகர் எவரும் இல்லை. மேடையில் அங்குமிங்கும் பாயும் ஓர் ஒளிப்புள்ளியும் மணியோசையுமே அவளாக நின்றன. பேரி அந்நாடகத்தை ‘பீட்டரும் வெண்டியும்’ என்னும் நாவலாக 1911இல் வெளியிட்டார். 1953இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் எடுத்த அசைவூட்டப் படம் அவளுக்கு உருவம் தந்தது, குரல் தரவில்லை. பிராட்லி ரேமண்ட் இயக்கிய 2008ஆம் ஆண்டுப் படத்தில்தான் அவள் பேசுகிறாள். ஒளியிலிருந்து உருவத்திற்கும் உருவத்திலிருந்து பேச்சிற்கும் நகர்ந்த இந்த வளர்ச்சியில் அவளது தொழிலும் உடன் வளர்ந்துள்ளது. அவ்வளர்ச்சியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘தேவதை’ என்னும் சொல்

பிரித்தானிய நாட்டார் மரபின் ‘ஃபேரி’ என்னும் கருத்திற்குத் தமிழில் ‘தேவதை’ என்னும் சொல் வழங்கி வருகிறது. இச்சொல் வழிபாட்டிற்குரிய தெய்வத்தையும் குறிக்கும். கிராம தேவதை, எல்லைத் தேவதை முதலிய தொடர்கள் இதற்குச் சான்று. சங்க இலக்கியம் காட்டும் சூரரமகளிர் மலையில் உறையும் அச்சந்தரும் பெண்கள். பிரித்தானிய மரபின் ‘ஃபேரி’ வழிபடப்படும் தெய்வமும் அன்று, சூரரமகளிரும் அன்று. சிற்றுருவும் சிறகும் கொண்ட உருவமாக அது பெரிதும் நிலைபெற்றது பிற்கால நாடகத்திலும் ஓவியத்திலும் குழந்தை நூல்களிலுமாகும். அத்தகைய உயிர்களைத் தினமும் வேலைக்குச் செல்லும் தொழிலாளராகக் காட்டுவது இத்திரைப்படத்தின் தனித்தன்மை. ஆகவே ‘தேவதை’ என்னும் சொல்லைத் தெய்வத்தன்மை நீக்கியே இங்குக் கொள்ளவேண்டும்.

பெயரில் இருந்த தொழில்

ஆங்கிலத்தில் ‘டிங்கர்’ என்பது ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கும் தொழிலாளியைக் குறித்த சொல். தமிழகத் தெருக்களில் ஈயம் பூசுவோர் செய்த வேலைக்கு அது நெருக்கமானது. தேவதைகளின் சட்டிகளையும் கெண்டிகளையும் சரிசெய்வதால் அவளுக்கு அப்பெயர் வந்ததாகப் பேரியின் கதை கூறுகிறது. ஆயினும் அவள் அத்தொழிலைச் செய்வது கதையில் முதன்மை பெறவில்லை. பீட்டர்மீது கொண்ட பற்றும் வெண்டிமீது கொண்ட பொறாமையுமே அவளை இயக்குகின்றன. மிகச் சிறிய உடல் என்பதால் தேவதைகளிடம் ஒரு நேரத்தில் ஓர் உணர்ச்சிக்கே இடமுண்டு எனப் பேரி விளக்குகிறார். 1953ஆம் ஆண்டுப் படமும் பொறாமையையே முன்னிறுத்தியது. அங்கும் பழுதுபார்க்கும் பணி கதைக்குத் தேவைப்படவில்லை.

2008ஆம் ஆண்டுப் படம் இவ்விடைவெளியில்தான் நுழைகிறது. பீட்டரைச் சந்திப்பதற்கு முற்பட்ட காலத்தைக் கதைக்களமாகக் கொள்வதால் அவளைப் பற்றும் பொறாமையும் இன்றி அறிமுகப்படுத்த முடிகிறது. காதலுணர்வு இருந்த இடத்தைத் தொழிலுணர்வு நிரப்புகிறது. தழுவலில் நிகழ்ந்த முதன்மையான மாற்றம் இதுவே.

சுத்தியலின் ஒளி

ஒரு குழந்தையின் முதற்சிரிப்பிலிருந்து தேவதை பிறக்கிறது என்பது பேரியின் கற்பனை. திரைப்படம் அதனை அப்படியே எடுத்தாள்கிறது. இலண்டனில் ஒரு குழந்தை சிரிக்க, அச்சிரிப்பு காற்றில் மிதந்து தேவதைகள் வாழும் ‘பிக்சி ஹாலோ’வை அடைகிறது. மந்திரத் துகள் தூவப்பட்டதும் அது பெண்ணுருவம் கொள்கிறது. அடுத்து நிகழ்வது திரைக்கதையின் சேர்க்கை. பல்வேறு திறன்களைக் குறிக்கும் பொருள்கள் அவளைச் சூழ வைக்கப்படுகின்றன. அவள் நெருங்கும்போது ஒவ்வொன்றின் ஒளியும் மங்குகிறது. சுத்தியல் மட்டும் சுடர்விடுகிறது. அக்கணமே அவள் கம்மியர் கூட்டத்தைச் சேர்ந்தவள் ஆகிறாள்.

இச்சடங்கில் இரண்டு கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, தேவதைகளுக்குப் பெற்றோர் இல்லை. எனவே தொழில் குலவழியாக வருவதில்லை. இரண்டாவது, தேர்ந்தெடுப்பது தேவதை அன்று, பொருளே. ஆகவே பரம்பரை என்பது இல்லாவிடினும் விருப்பத்திற்கும் இடமில்லை. பிறப்பால் தொழில் வகுக்கும் மரபையும் அதனை எதிர்த்த குரல்களையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வேறுபாடு நுண்ணியது. அதே வேளையில் முழு ஆறுதல் தருவதும் அன்று.

தொழில்களுக்கிடையே மதிப்பு வேறுபாடும் உண்டு. நீர், ஒளி, தோட்டம், விலங்கு ஆகியவற்றைப் பேணும் தேவதைகள் மனிதர் வாழும் பெருநிலத்திற்குச் சென்று பருவங்களைக் கொண்டு சேர்க்கின்றனர். அவர்களுக்கு வேண்டிய கருவிகளைச் செய்து தரும் கம்மியர் மட்டும் பிக்சி ஹாலோவிலேயே தங்கிவிட வேண்டும். வசந்தம் அவர்கள் உழைப்பால் வருகிறது. வசந்தத்தைக் காணும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. டிங்கர் பெல்லின் மனக்குறை இங்குத்தான் தோன்றுகிறது.

மறுப்பும் தோல்வியும்

அவள் தன் தொழிலை மாற்ற முயல்கிறாள். சிலந்தி வலையில் பனித்துளி வைக்கவும், ஒளியைக் கையாளவும், பறவைக் குஞ்சுக்குப் பறக்கக் கற்பிக்கவும் தோழியரிடம் பயில்கிறாள். மூன்றிலும் தோற்கிறாள். இடையே கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த உதிரிப்பாகங்களைப் பொருத்தி ஓர் இசைப்பெட்டியை இயங்கச் செய்கிறாள். அவ்வேளையில் அவள் கொண்ட மகிழ்ச்சியைத் தோழியர் சுட்டியும் அவள் ஏற்கவில்லை. விரைந்து பறக்கும் திறன் கொண்ட விடியாவின் தூண்டுதலால் ஓடும் நெருஞ்சிச் செடிகளை அடக்க முற்படுகிறாள். அவை கட்டுமீறி ஓடி வசந்தத்திற்கான ஆயத்தங்கள் அனைத்தையும் மிதித்தழிக்கின்றன.

கதை இத்துடன் அவளைப் பழைய பணிக்குத் திருப்பியிருந்தால், ‘அவரவர் இடத்தில் அவரவர் இருக்க வேண்டும்’ என்பதே அதன் அறவுரையாக எஞ்சியிருக்கும். திரைக்கதை அவ்வாறு முடியவில்லை. மனிதர் தொலைத்து, கடல் கொண்டுவந்து சேர்த்த பொருள்களைக் கொண்டு அவள் புதிய எந்திரங்களை அமைக்கிறாள். கையால் ஒவ்வொன்றாகச் செய்த வேலைகள் அவற்றால் விரைவாக முடிகின்றன. வசந்தம் உரிய காலத்தில் புறப்படுகிறது. இசைப்பெட்டியை அதன் உரிமையாளரான வெண்டியிடம் சேர்க்கும் பொருட்டுப் பெருநிலம் செல்ல அரசி கிளாரியன் இசைவளிக்கிறாள்.

இங்கு மாறியவை எவை என்பதைப் பிரித்தறிய வேண்டும். அவள் தொழில் மாறவில்லை. தொழிலின் எல்லையும் அதன் மதிப்பும் மாறியுள்ளன. கம்மியர் பெருநிலம் செல்வதில்லை என்னும் வழக்கம் அவளளவில் தளர்ந்தது. ஆயினும் இசைவு ஒருவரது அரிய சாதனைக்கான பரிசாகவே கிடைக்கிறது. கம்மியர் அனைவருக்குமான உரிமையாகப் பேசப்படவில்லை. திறமை மிக்க ஒருவருக்கு வாயில் திறப்பதும் அனைவருக்கும் வாயிலை அகற்றுவதும் ஒன்றல்ல. படத்தின் முடிவு தரும் மகிழ்ச்சியினூடே இவ்வரம்பும் புலப்படுகிறது.

தொடர்ப் படங்களில் இக்கேள்வி

இவ்வரம்பைப் பின்வந்த படங்கள் வேறுவேறு வழிகளில் மீண்டும் தொடுகின்றன. 2012இல் வெளிவந்த ‘சீக்ரெட் ஆஃப் தி விங்ஸ்’ படத்தில் வெம்பகுதித் தேவதைகள் குளிர்காடு செல்லத் தடை உள்ளது. குளிர் சிறகைச் சிதைக்கும் என்பது அதற்கான காரணம். ஒரே சிரிப்பில் பிறந்த உடன்பிறப்பான பெரிவிங்கிள் அக்காட்டில் வாழ்வதை டிங்கர் பெல் அறிகிறாள். ஆகவே ஒரே பிறப்பு ஒரே திறனைத் தருவதில்லை என்பதும் அறியப்படுகிறது.

2014ஆம் ஆண்டின் ‘தி பைரேட் ஃபேரி’ மேலும் துணிகிறது. மந்திரத் துகளைக் காக்கும் பணியிலுள்ள சரீனா, துகளைக் காப்பதோடு நில்லாமல் ஆராயவும் விரும்புகிறாள். அவள் ஆக்கிய துகளால் தோழியரின் திறன்கள் ஒன்றுக்கொன்று மாறிவிடுகின்றன. கம்மியரை இகழ்ந்த விடியாவே கம்மியராகிறாள்; டிங்கர் பெல் நீரைக் கையாள்கிறாள். பிறவித் திறன் எனக் கருதப்பட்டது ஒரு துகளால் மாறத்தக்கதாயின் சுத்தியலின் தேர்வு இறுதியானதன்று. இவ்வையத்தைத் திரைக்கதை எழுப்புகிறது, நிலைநிறுத்தவில்லை. அடுத்த படத்தில் தோழியர் தத்தம் பழைய திறன்களுடனேயே தோன்றுகின்றனர்.

திரைக்குப் பின்னுள்ள கைகள்

இப்படத்தின் கணினி அசைவூட்டப் பணியில் மும்பையில் பணிக்கூடம் கொண்டிருந்த பிராணா ஸ்டுடியோஸ் பங்கேற்றது. அசைவூட்டத்தில் ஓர் இலை அசைவதற்கும் ஓர் இறகு மினுங்குவதற்கும் பலர் பொருள்பொருளாக உழைக்க வேண்டும். பார்வையாளரோ திரையில் தோன்றும் வசந்தத்தை மட்டுமே காண்கின்றனர். பிறர் கொண்டுசெல்லும் பருவத்திற்கான கருவிகளை மறைவில் இருந்து செய்து தரும் கம்மியரின் கதை, அதனை உருவாக்கிய தொழிலின் இயல்போடும் இவ்வாறு ஒத்துப்போகிறது.

முடிவுரை

பேரியின் நாடகத்தில் டிங்கர் பெல்லின் உயிரைக் காக்கப் பார்வையாளர்கள் கைதட்ட வேண்டியிருந்தது. அங்கு அவள் பிறர் நம்பிக்கையால் வாழ்பவள். 2008ஆம் ஆண்டுப் படத்தில் அவள் தன் கைத்திறனால் மதிப்புப் பெறுபவள். கைத்தொழில் தாழ்ந்ததன்று என்பதைக் குழந்தைகளுக்கு இப்படம் தெளிவாக உணர்த்துகிறது. தொழிலைத் தேர்வு செய்யும் உரிமை யாருடையது என்னும் வினாவிற்கு அது விடை கூறவில்லை. குழந்தைகளுக்கான படைப்புகளை இனிய பொழுதுபோக்காக மட்டும் கருதாமல், உழைப்பையும் விருப்பத்தையும் குறித்த முதற்பாடங்களாகவும் வாசிக்க வேண்டியுள்ளது. அவ்வாசிப்பில் சுத்தியல் ஒளிர்ந்த காட்சியைப் போலவே ஏனைய பொருள்களின் ஒளி மங்கிய காட்சியும் கருத்தில் கொள்ளத்தக்கது.