ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு தொப்பி

பழவேற்காட்டில் பாலம் வருவதற்கு முன், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் குப்பங்களிலிருந்து ஊருக்குள் படிக்க வந்த பிள்ளைகள் படகில்தான் வந்தார்கள். கூனங்குப்பம், வைரவன்குப்பம் பக்கத்தில் வெயில் தலைக்கு மேலிருந்து மட்டும் விழுவதில்லை. உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பியடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அன்று அதற்கு இருந்த காப்பு அப்பாவின் துண்டும் அம்மாவின் முந்தானையும்தான். முகத்தில் பூசிய தேங்காயெண்ணெய் வெயிலைப் பெரிதாகத் தடுக்கவில்லை, துணிதான் தடுத்தது. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களின் முதுகுக்கு அந்தத் துணியும் போதவில்லை.

இன்று பெட்டிக்கடையில் முகக்கிரீம் சிறு பாக்கெட்டுகளில் தொங்குகிறது. பெண்பிள்ளைகள் பூசிக்கொள்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து அல்ல, ‘கறுத்துப் போயிடுவே’ என்ற பேச்சுக்குப் பயந்து. 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுக்க 2020 வரை ஆனது. சிவப்பழகு கிரீமும் சன்ஸ்கிரீனும் ஒன்றல்ல என்பதைப் பள்ளிக்கூடம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் சட்டப்படி மருந்து. அதனால் பல பள்ளிகளில் மருத்துவரின் சீட்டு இல்லாமல் மாணவர்கள் அதைக் கொண்டுவரவே முடியாமல் இருந்தது. 2002இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டு அனுமதித்தது, மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன. இங்கே அது அழகுசாதனப் பொருள், யாருடைய சீட்டும் தேவையில்லை. ஆனால் அழகுசாதனம் என்பதாலேயே வகுப்பில் அது மேக்கப்பாகத் தெரிகிறது. வெண்புள்ளி உள்ள பிள்ளைக்கும், பிறவியிலேயே நிறமி இல்லாத பிள்ளைக்கும் அது மருந்துக்குச் சமம். அவர்கள் வகுப்பிலேயே கூச்சமில்லாமல் எடுத்துப் பூச முடிய வேண்டும், அவர்களுக்கு அதை வாங்கித் தரவும் வேண்டும்.

மற்றப் பிள்ளைகளின் தோலைக் கறுப்பு நிறமி ஓரளவு காக்கும். கண்ணை எது காக்கும்? வருடக்கணக்காக வெயிலில் நிற்பவர்களின் கண்ணில் சதை வளர்வதும் புரை விழுவதும் கடலோரத்துக்குத் தெரிந்த நோய்கள். அதற்குக் கிரீம் உதவாது, விளிம்பு வைத்த தொப்பி உதவும். ஆஸ்திரேலியாவில் பல தொடக்கப் பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளை மைதானத்தில் இறங்க முடியாது. நம் சீருடையில் தொப்பிக்கு இடமே இல்லை.

மாற்றம் வராமலில்லை. 2024இல் வெப்ப அலையைத் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த ஆண்டு பள்ளித் திறப்பு ஜூன் 6இலிருந்து 10க்குத் தள்ளிப்போனது. 2025இல் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் ‘வாட்டர் பெல்’ வந்தது. எல்லாம் சூட்டுக்கான ஏற்பாடுகள். புற ஊதாக் கதிர் சூட்டைப் பார்த்து வருவதில்லை. காற்று குளிர்ந்து மேகம் மெல்லியதாகப் படர்ந்த நண்பகலிலும் அது இறங்கும்.

மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் தருகிறது. குளிர் அந்த ஊரின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டதால் வந்த திட்டம் அது. வெயில் இந்த ஊரின் இயல்பு. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். அவர்களிடமே அகன்ற விளிம்புள்ள ஓலைத்தொப்பிக்குச் சொல்லி, கடலோரப் பள்ளிகளின் சீருடையில் அதைச் சேர்க்கலாம். அடுத்த ஜூனில், புத்தகப்பையோடு சேர்த்தே அதைக் கொடுக்கலாம்.