கதைமாந்தரும் கற்போர் அன்பும்

துப்பறியும் செர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர் ஆர்தர் கானன் டாயில். அக்கதைகளின் புகழால் தம் வரலாற்றுப் புதினங்கள் மங்குவதாக அவர் வருந்தினார். எனவே 1893-ஆம் ஆண்டில், ஹோம்ஸ் சுவிட்சர்லாந்து நாட்டு அருவியொன்றில் வீழ்ந்து மாண்டதாக எழுதினார். படித்தோர் பதறினர். கதை வெளிவந்த 'ஸ்டிராண்டு' இதழை வாங்குவதைப் பலர் நிறுத்தினர். ஆசிரியரைக் கடிந்து மடல் விடுத்தனர். இறுதியில், 1903-ஆம் ஆண்டில், ஹோம்ஸ் அருவியில் வீழவே இல்லை எனப் புதுக்கதை புனைந்து டாயில் அவரை மீட்டார்.

உலகில் வாழ்ந்திராத ஒருவருக்காக உள்ளம் நோவது ஏன்? எழுத்தாளர் தருவன சொற்களே. அவற்றிற்குக் குரலும் முகமும் அளிப்பது படிப்போரின் நெஞ்சம். திங்கள்தோறும் பழகியவர் உறவினரே ஆகிவிடுகிறார். ஆதலின் கதை ஆசிரியருடையதாயினும், கதைமாந்தர் நமக்கும் உரியவர். பிறர் துயரைத் தம் துயராகக் கருதும் பண்பிற்கு இவ்வன்பும் ஒரு நல்ல பயிற்சியாகும்.