பாட்டு திரும்பி வரும், பட்டியல் வராது

பங்காருபேட்டையிலும் கோலார் தங்கவயலிலும் பல தமிழ் வீடுகளில் பழைய கேசட் பெட்டி இன்னும் பரண்மேல் இருக்கிறது. இளையராஜா பாட்டு, சீர்காழியின் பக்திப் பாடல், சர்ச் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் ஆராதனை, யாரோ ஒருவரின் கல்யாணத்தில் தாத்தா மைக் பிடித்து வாழ்த்தியது எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும். சில வீட்டுப் பிள்ளைகள் இவற்றைக் கணினியில் ஏற்றி, ஒரு பழைய டெஸ்க்டாப்பிலோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியிலோ நேவிட்ரோம், ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு, வீட்டிலுள்ள எல்லார் போனிலும் பாட வைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் அதற்கு பேக்அப் எடுத்திருக்கிறார்களா என்று கேட்டால், பாட்டு ஃபைல்களை ஒரு டிஸ்கில் போட்டிருக்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் பதில். அது பாதிப் பாதுகாப்புதான்.

சினிமாப் பாட்டு தொலைந்தால் வேறெங்காவது கிடைக்கும். தாத்தாவின் குரல் கிடைக்காது. அந்த ஃபைல்களுக்குப் பிரதி அவசியம். இவை தவிர, வீட்டார் வருடக்கணக்காக உட்கார்ந்து சேர்த்த விருப்பப் பட்டியல், பிளேலிஸ்ட், நட்சத்திரக் குறி, எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு எல்லாம் பாட்டு ஃபைலுக்குள் இல்லை. டேட்டாபேஸ் என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. அது போனால் சர்வர் பாட்டுகளை மறுபடி ஸ்கேன் செய்து பெயர்களைக் காட்டிவிடும். அம்மா விடிகாலையில் போடும் பட்டியல் மட்டும் காலியாக இருக்கும்.

டேட்டாபேஸ் கெடுவதற்கு நம் ஊரில் முதல் காரணம் கரண்ட். கோடையில் சொல்லாமல் போகும், வந்த வேகத்தில் மறுபடி போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ராஸ்பெர்ரி பையின் எஸ்டி கார்டு எளிதில் கெடும். ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். டேட்டாபேஸை எஸ்டி கார்டில் வைக்காமல் எஸ்எஸ்டியில் வையுங்கள்.

இரண்டாவது காரணம் நாமே எடுக்கும் தவறான பிரதி. நேவிட்ரோமின் டேட்டாபேஸ் எஸ்கியூலைட் வகை. அந்த ஃபோல்டரைத் திறந்தால், பெரிய கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரில், வால் முளைத்ததுபோல் டபிள்யூஏஎல், எஸ்எச்எம் என்று முடியும் இரண்டு சின்னக் கோப்புகள் தெரியும். புதிதாகச் சேர்த்தது முதலில் டபிள்யூஏஎல் கோப்பில்தான் விழுகிறது. பிறகுதான் பெரிய கோப்பில் சேருகிறது. சர்வர் ஓடும்போது பெரிய கோப்பை மட்டும் காப்பி செய்தால் கடைசியாகச் செய்த மாற்றங்கள் விடுபடும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்தால் பிரதி திறக்காமலே போகலாம். ஒன்று, சர்வரை நிறுத்திவிட்டு மூன்றையும் சேர்த்து எடுங்கள். அல்லது எஸ்கியூலைட்டில் இதற்கென்றே இருக்கும் பேக்அப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். நேவிட்ரோம் 0.54 பதிப்பு முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. எந்த ஃபோல்டர், எந்த நேரம், எத்தனை பழைய பிரதிகள் என்று நாம்தான் அமைக்க வேண்டும், தானாக ஓடாது. அது டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பாட்டு ஃபைல்களுக்குத் தனி ஏற்பாடு தேவை.

எடுத்த பிரதி அதே மேசையில் இருந்தால் திருட்டுக்கும் தீக்கும் ஒன்றாகப் போகும். புகைப்படக்காரர் பீட்டர் குரோக் சொன்ன கணக்கு இன்றும் சரியானது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வேறு இடத்துக்கு மேகச் சேமிப்புக்குப் பணம் கட்டத்தான் வேண்டும் என்பதில்லை. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருபேட்டை வழியாகத் தினமும் எத்தனை பேர் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்! அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இரண்டு டிஸ்க் போதும். ஒன்று இங்கே, ஒன்று கே.ஆர்.புரத்தில் அக்கா வீட்டில். மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். வழியில் தொலைந்தாலும் பிறர் திறக்க முடியாதபடி வெராகிரிப்ட் போன்ற மென்பொருளால் பூட்டி அனுப்புங்கள்.

பேக்அப் ஓடுகிறது என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் சாட்சி. 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்துவிட்டார். பல வகைப் பேக்அப் ஏற்பாடுகள் இருந்தன. தினசரி பேக்அப், மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் நேவிட்ரோமைப் போட்டு, பேக்அப்பை அதில் மீட்டுப் பாருங்கள். உங்கள் பட்டியல் வரிசை மாறாமல் வந்து பாட்டு பாடினால்தான் அது பேக்அப். ஓடும் சர்வரின் மேலேயே சோதித்துவிடாதீர்கள். மீட்கும்போது இருப்பது அழிந்துவிடும்.

சொந்தக் கேசட்டைக் கணினியில் ஏற்றுவது குற்றமா என்று பலர் தயங்குகிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை அனுமதிக்கிறது. வீட்டுக்குள் கேட்கலாம். அந்த சர்வரை ஊருக்கே திறந்துவிடுவதும், பென் டிரைவில் போட்டு விற்பதும் வேறு கதை.

டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் மிச்சத்தையும் அழிக்கிறது. வாரண்டியில் புது டிஸ்க் கிடைக்கும், தகவல் கிடைக்காது. கடையில் கொடுக்கும்போது ‘டேட்டாவை அழிக்கக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அதன் பிறகும் கேட்காமல் ஃபார்மேட் செய்தால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் சொல்லலாம். தீராவிட்டால், கடை எந்த ஊரில் இருந்தாலும் கோலார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நாம் வசிக்கும் இடத்தில் புகார் கொடுக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. யாராவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால் கொடுக்காமல் 1930-க்கு அழையுங்கள். எதற்கும் டிஸ்க் பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். கடைகளில் தரும் வழவழப்பான தாளில் எழுத்து சீக்கிரம் வெளுத்துவிடும், பில் இல்லாமல் வழக்கை நடத்துவது கடினம்.